பூமி எத்தனை என்று யாரும் கேட்பதில்லை

சோமனூர்ப் பக்கம் 'பூமி' என்ற சொல்லைக் கேட்டு யாரும் வானத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை. 'பையனுக்குப் பூமி இருக்குதுங்களா?' என்று பெண் வீட்டார் கேட்டால், பட்டா யார் பேரில் இருக்கிறது என்று அர்த்தம். 'பூமிய வித்துத் தறி போட்டேன், தறிய வித்துக் கடனக் கட்டினேன்' என்று ஒருவர் சொன்னால், எங்கள் ஊர் விசைத்தறியின் சரித்திரத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். வெளியூரிலிருந்து மாற்றலாகி வரும் அதிகாரிகளுக்கு இது கொஞ்ச நாள் வேடிக்கையாக இருக்கும். பூமியை எப்படி ஐயா விற்பீர்கள் என்று சிரிப்பார்கள். அப்புறம் அவர்களே 'பல்லடம் ரோட்டுல பூமி என்ன விலைங்க?' என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

நான் பத்திரம் எழுதுகிறவன். கிரயம், பாகப்பிரிவினை, தானசெட்டில்மெண்ட், விடுதலை என்று எந்தப் பத்திரமானாலும் அதில் பூமி வந்தாக வேண்டும். எங்கள் தொழிலில் ஒரே இடத்துக்குப் பல பெயர். மழையை நம்பி விதைத்தால் அது காடு. கிணறு வெட்டி நீர் பாய்ச்சினால் தோட்டம். விலை பேசும்போது பூமி. லாரியில் அள்ளி ஏற்றும்போது மண். அரசாங்கக் காகிதத்தில் நிலம். வாய்தவறிக்கூட யாரும் இவற்றை மாற்றிச் சொல்வதில்லை. 'மண் வாங்கினேன்' என்றால் வீடு கட்ட இரண்டு லோடு இறக்கியிருக்கிறார். 'பூமி வாங்கினேன்' என்றால் பத்திரச் செலவு செய்திருக்கிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 'பூமி எவ்வளவு இருக்குதுங்க?' என்று கேட்பார்கள். 'பூமி எத்தனை?' என்று எங்கள் ஊரில் ஒரு குழந்தைகூடக் கேட்காது. ஐந்து சர்வே நம்பரில், நாலு திசையில் துண்டு துண்டாகக் கிடந்தாலும் பத்திரத்தில் நான் 'மேற்படி பூமி' என்றுதான் எழுதுகிறேன். 'மேற்படி பூமிகள்' என்று எழுதினால் என்னிடம் தொழில் பழகும் பையனே சிரிப்பான். எண்ண வேண்டுமானால் ஏக்கர், செண்ட் என்று ஓர் அளவைக் கூப்பிட வேண்டும். தண்ணீருக்குக் குடம் வேண்டியிருப்பது மாதிரி.

ஆனால் அதே தோட்டத்தில் தென்னையை வெட்டி, ரோடு போட்டு, கல் நட்டுவிட்டால் மறுநாளே இலக்கணம் மாறிவிடுகிறது. 'எத்தனை சைட்டு எடுத்தீங்க?' 'ரெண்டு சைட்டுங்க, கார்னர் ஒண்ணு.' பூமிக்குப் பன்மை கிடையாது, சைட்டுக்கு உண்டு. விவசாயம் நின்றதற்கு இதைவிடத் துல்லியமான அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் யோசிக்க வைத்தது ஒரு கிரேக்கச் சொல். எங்கள் தெருவில் தறி ஓட்டுகிற ஒருவரின் மகன் பாதிரியார் படிப்புப் படிக்கிறான். கருமத்தம்பட்டியில் ஜெபமாலை மாதா கோயில் இருக்கிற ஊர்ப்பக்கம் இது அதிசயமில்லை. இந்தப் பகுதியில் கிறிஸ்தவம் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பழையது. புதிய ஏற்பாடு முதலில் எழுதப்பட்டது கிரேக்கத்தில் என்பதால் அவனுக்கு அந்த மொழியும் ஒரு பாடம். விடுமுறையில் வந்தால் என் அலுவலகப் பெஞ்சில் உட்கார்ந்து, எங்கள் காலத்துப் பிள்ளைகள் வாய்பாடு ஒப்பித்த மாதிரி ஒப்பிப்பான்: கே, கேன், கேஸ், கே.

"என்ன கண்ணு, கேள்வியே கேட்டுட்டு இருக்கற?" என்றேன்.

"பூமிங்க மாமா. கிரேக்கத்துல பூமிக்கு கே-ன்னு பேரு."

கே. 'பங்கு' என்ற சொல்லில் கு எப்படி ஒலிக்கிறதோ அந்த மெல்லிய ககரம். நெடில். ஒரே எழுத்து.

அவன் ஒப்பித்தது வேற்றுமை. கே என்றால் பூமி. கேன் என்றால் பூமியை. கேஸ் என்றால் பூமியின். நாலாவதாகச் சொன்ன கே, பூமிக்கு; அதை எழுதும்போது அடியில் ஒரு சின்ன இகரக் குறி வரும், காதுக்கு ஏறக்குறைய முதல் கே மாதிரியே இருக்கும். 'பூமியில்' என்று சொல்லத் தனி உருபு கிடையாது. ஒரு காலத்தில் இருந்து, பிறகு வழக்கொழிந்து, நாலாம் வேற்றுமையே அந்த வேலையையும் சேர்த்துச் செய்தது. நமக்கு ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று ஆறு உருபு. முதலும் கடைசியும் சேர்த்து எட்டு வேற்றுமை. அவர்களுக்கு ஐந்து. பன்மை என்னவென்று கேட்டேன். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பன்மை ரொம்ப அரிதுன்னு போட்டிருக்குதுங்க" என்றான். எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது. ஏதென்ஸிலும் எத்தனை என்று கேட்கவில்லை, எவ்வளவு என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

இந்தக் கே ஒரு காலத்தில் இரண்டு உயிரொலியாக இருந்திருக்க வேண்டும், 'கெஅ' என்பது போல, என்று மொழி ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். எ-யும் அ-வும் ஒட்டி ஏ ஆகிவிட்டது. நமக்கு இது புதிதில்லை. பெயர் என்பது பேர் ஆனது இதே வழியில்தான்; அங்கும் எகரமும் அகரமும் சேர்ந்து ஏகாரம். கிரேக்கர்கள் அந்த ஒட்டை மறைக்கவில்லை. சொல்லின் தலையில் ஒரு வளைந்த குறி போட்டு, குரல் ஏறி இறங்க வேண்டும் என்று காட்டினார்கள். இரண்டு உயிரின் நீளம் ஓருயிரில் தங்கியிருக்கிறது என்பதற்கு அந்தக் குறிதான் சாட்சிக் கையெழுத்து. ஹோமரின் காவியங்களில் இதே சொல் 'கையா' என்று நீண்டு வருகிறது. டோரிய வட்டாரத்தில் 'கா'. வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும் சொல் என்றால் அது ஜனங்கள் வாயில் கிடந்த சொல் என்று பொருள்.

கையாவை நீங்கள் வேறு இடத்தில் கேள்விப்பட்டிருக்கலாம். ஹெசியோத் என்ற பழங்கவி கடவுளர் பிறப்பைச் சொல்லும்போது, ஆதி வெறுமைக்கு அடுத்துத் தோன்றியவள் கையா என்கிறார். வானம் அவள் பெற்ற பிள்ளை. 1970-களில் ஜேம்ஸ் லவ்லாக் என்ற ஆங்கில விஞ்ஞானி, உயிர்களும் காற்றும் கடலும் சேர்ந்து ஒன்றையொன்று சமன்செய்துகொள்ளும் ஒரே அமைப்பு இந்த உலகம் என்று ஒரு கருதுகோளை முன்வைத்தார். அதற்குக் கையா என்று பெயர் வைக்கச் சொன்னவர் நாவலாசிரியர் வில்லியம் கோல்டிங். இருவரும் ஒரே கிராமத்துக்காரர்கள். விஞ்ஞானிகள் பக்கத்து வீட்டு எழுத்தாளரிடம் பெயர் கேட்பது நல்ல பழக்கம்.

கே எங்கிருந்து வந்தது என்பது மட்டும் உறுதியாகத் தெரியாத கதை. கிரேக்கத்துக்கு உறவான மற்ற மொழிகளில் இதற்கு ஐயமற்ற பங்காளிச் சொல் இல்லை. கிரேக்கர் அந்த நாட்டுக்கு வருவதற்கு முன்பே அங்கே பேசப்பட்ட ஏதோ ஒரு மொழியிலிருந்து எடுத்திருக்கலாம் என்பது ஒரு கட்சி. அவர்கள் தங்கள் மூதாதையரிடமிருந்து கொண்டுவந்த சொல் 'க்தோன்'. சமஸ்கிருதத்தில் பூமியையும் பொறுமையையும் குறிக்கும் க்ஷமா, லத்தீனின் ஹூமுஸ், இவையெல்லாம் அதன் பங்காளிகள். அந்தச் சொந்தச் சொல் கவிதைக்கும் பாதாள லோகத்துக்கும் ஒதுங்கிவிட்டது. அதே குடும்பத்தில் 'கமாய்' என்று ஒன்று உண்டு, தரைமேல் என்று பொருள். அதோடு சிங்கத்தைச் சேர்த்துத்தான் பச்சோந்திக்குக் கமேலியன், தரைச்சிங்கம், என்று பெயர் வைத்தார்கள். ஓணானை எங்கள் பக்கம் ஓடக்கான் என்போம்; அதற்கு இப்படி ஒரு பட்டம் யாரும் கொடுக்கவில்லை.

சொந்தச் சொல்லை ஒதுக்கிவிட்டு வெளிச்சொல்லை எடுத்துக்கொள்வதை நாமும் செய்திருக்கிறோம். மண்ணும் நிலமும் நம் சொற்கள். ஞாலம், பார், வையம் எல்லாம் செய்யுளுக்குப் போய்விட்டன. தினசரி வியாபாரத்துக்கு வடமொழியிலிருந்து வந்த பூமி. அந்தப் பூமிக்குத் தாதுவான 'பூ', உண்டாதல், இருத்தல் என்று பொருள்படும். கிரேக்கத்தில் முளைத்தல், வளர்தல் என்று பொருள்படும் 'பியூஓ' அதற்கு உடன்பிறப்பு. அதிலிருந்து வந்தது இயற்கையைக் குறிக்கும் 'பியூசிஸ்'. பிள்ளைகள் பிளஸ் டூவில் பயப்படுகிற பிசிக்ஸ் அதன் பேரன். ஆக, நம் பூமிக்குக் கிரேக்கத்தில் பங்காளி இருக்கிறது, ஆனால் அது கே இல்லை. பங்காளி எப்போதும் எதிர்பார்க்காத வீட்டிலிருந்துதான் வருவான் என்பது எங்கள் தொழிலில் பழக்கமான விஷயம்.

பைபிளுக்கு வருகிறேன், ஏனென்றால் தம்பி மாட்டிக்கொண்டது அங்கேதான். விதைப்பவன் உவமையில் கற்பாறை மேல் விழுந்த விதைக்கு 'அதிகம் கே இல்லை' என்று வருகிறது. தமிழில் அதை மண் என்று பெயர்த்திருக்கிறார்கள். அடுத்து நல்ல 'கே'யில் விழுந்த விதை. தமிழில் நல்ல நிலம். மலைப்பொழிவில் சாந்தகுணமுள்ளவர்களுக்கு வாரிசுரிமையாகக் கிடைக்கப்போவதும் 'கே'. தமிழில் அது பூமி. ஒரே சொல்லை மூன்றாகப் பிரித்துப் பாகம் வைத்திருக்கிறார்கள், அதுவும் சரியான கையில் சரியான பங்கு போகும்படி. பாறைமேல் நிலம் இல்லை என்று சொல்ல முடியாது, மண்தான் இல்லை. எந்தக் குடியானவனும் இந்த மொழிபெயர்ப்பில் குற்றம் சொல்லமாட்டான்.

மூன்றாவதுதான் தம்பிக்குச் சிக்கல். சாந்தகுணமுள்ளவர்களுக்குக் கிடைப்பது முழு உலகமா, ஏதோ ஒரு நாடா, ஆளுக்கு நாலு ஏக்கரா? அந்த வாசகத்துக்குப் பின்னால் 37-ஆம் சங்கீதம் இருக்கிறது, அங்கே எபிரேயச் சொல் நாட்டையும் குறிக்கும் நிலத்தையும் குறிக்கும். பண்டிதர்கள் விவாதித்துக்கொண்டே இருக்கிறார்கள். நான் சொன்னேன், "கண்ணு, சோமனூர்ல பூமின்னு படிச்சா ரெண்டும் வந்துரும். உங்க வாத்தியாருகிட்டச் சொல்லு." கிரேக்கத்தில் எத்தனை மங்கலோ அத்தனை மங்கலும் கொங்குக் காதுக்குத் தமிழில் அப்படியே கிடைக்கிறது. மதுரைக்காரருக்கு அது கிடைக்குமா என்பது சந்தேகம்.

அங்கே 'வாரிசாவது' என்று வரும் கிரேக்க வினையைத் தம்பி பிரித்துக் காட்டினான். உள்ளே 'க்ளேரோஸ்' இருக்கிறது. க்ளேரோஸ் என்றால் திருவுளச் சீட்டு. அப்படிச் சீட்டில் விழுந்த நிலப்பங்குக்கும் அதே பெயர். இதைக் கேட்டதும் எனக்கு எத்தனையோ பாகப்பிரிவினைகள் ஞாபகம் வந்தன. பெரியவர்கள் பூமியைப் பங்கு வைத்து, அ, ஆ, இ என்று துண்டுக் காகிதத்தில் எழுதி, சுருட்டி, ஒரு சொம்பில் போட்டுக் குலுக்கி, வீட்டிலேயே சின்னக் குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். குழந்தை கையில் வந்தது யாருக்கும் கேள்வியில்லை.

கேயின் உண்மையான வம்சம் கூட்டுச் சொற்களில்தான் பெருகியிருக்கிறது. அப்போது அது 'கெயோ' ஆகிவிடும், ஆங்கிலம் வழியாக நமக்கு வரும்போது 'ஜியோ'. கெயோமெத்ரியா, பூமியை அளத்தல். ஹெரோடோட்டஸ் சொல்கிற கதைப்படி, எகிப்தின் அரசன் செசோஸ்திரிஸ் எல்லோருக்கும் சம சதுரமாகப் பூமி பிரித்துக் கொடுத்து அதற்கு வரி வைத்தான். நைல் வந்து ஒருவன் பங்கில் கொஞ்சத்தை அரித்துக்கொண்டு போனால், அவன் அரசனிடம் போய்ச் சொல்ல வேண்டும். ஆள் வந்து அளந்து பார்த்து, குறைந்த அளவுக்கு வரியைக் குறைப்பார்கள். இப்படி அளந்து பழகியதிலிருந்துதான் ஜியோமிதி கிரேக்கத்துக்குப் போனது என்கிறார். நொய்யல் கரையில் யாருக்காவது ஆறு கொண்டுபோன பூமிக்கு வரி குறைந்ததா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

கெயோகிராபியா, பூமியை வரைதல். இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த தாலமி இந்தப் பெயரில் எழுதிய நூலில் நம் பக்கமும் இருக்கிறது. சேரனின் தலைநகராகக் கரூர், பச்சைக்கல் கிடைக்கும் ஊராகப் புன்னாட்டா. காங்கயம் பக்கம் படியூரில் அந்தப் பச்சைக்கல் கிடைத்தது. நொய்யல் எங்கள் பக்கத்திலிருந்து இறங்கிப் போகிற வழியில், சென்னிமலைக்கு இந்தப்பக்கம் கொடுமணலில், 1985-லிருந்து நடந்த அகழாய்வுகளில் கல் அறுத்து மணி செய்த பட்டறைகளே வெளிவந்தன. வெள்ளலூரில் அகஸ்டஸ், திபேரியஸ் தலை போட்ட ரோமானிய வெள்ளிக்காசுகள் குவியலாகக் கிடைத்தன.

இந்த இடத்தில் எங்கள் பத்திரத்தில் வரும் ஒரு வரியைச் சொல்லியாக வேண்டும். பூமியை விற்கும்போது அதோடு 'நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம்' முதலான உரிமைகளையும் சேர்த்து விற்றதாகப் பழைய வழக்கப்படி எழுதுவோம். புதையல், புதைத்துவைத்த பொருள், நீர், மரம், கல். பாஷாணம் என்றதும் சில பேர் முகம் மாறிவிடும். 'விஷத்த எதுக்குங்க எழுதறீங்க?' என்பார்கள். இங்கே அது கல். பாறை இருந்தால் அதுவும் உங்களுக்கு என்று பொருள். சோழர் காலத்து நிலக்கொடைச் சாசனங்களில் இதன் மூத்த வடிவம் இருக்கிறது. மேலே வளர்கிற மரமும் கீழே இறங்குகிற கிணறும், உடும்பு ஓடுகிற இடமும் ஆமை தவழ்கிற இடமும் சேர்ந்தே கைமாறும். எல்லையை ஒரு பெண்யானையைச் சுற்றிவர நடத்திக் குறித்தார்கள். செக்குபந்தி, அதாவது நான்கு எல்லை, எழுதத் திணறும் நாட்களில் எனக்கும் ஒரு யானை இருந்தால் தேவலை என்று தோன்றும். ஆனால் புதையலைப் பற்றி மட்டும் நாங்கள் எழுதுவது வெறும் அலங்காரம். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். வெள்ளலூர்க் குவியலைப் புதைத்தவன் இதையெல்லாம் எதிர்பார்த்திருக்கமாட்டான்.

கெயோர்கோஸ் என்றால் பூமியில் வேலை செய்பவன், உழவன். அதுதான் ஜார்ஜ் ஆனது. தமிழ்நாட்டின் நில விவகாரங்களுக்கெல்லாம் அரசாணை வருகிற புனித ஜார்ஜ் கோட்டை, பெயர்ப்படி பார்த்தால் உழவன் கோட்டை. இதை நான் ஒரு வருவாய் ஆய்வாளரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது கெயோதைசியா. 'தைசியா' என்றால் பிரித்தல். பூமியைப் பிரித்தல். அப்படியே பாகப்பிரிவினை! அரிஸ்டாட்டில் இதற்கும் ஜியோமிதிக்கும் வித்தியாசம் சொல்கிறார்: அது மனத்தால் அறியும் கோடுகளைப் பற்றியது, இது கண்ணால் காணும் பொருள்களைப் பற்றியது. பள்ளிக்கூடச் செவ்வகத்துக்கும் எங்கள் பத்திரத்துச் செவ்வகத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். எங்களுடையதில் ஒரு மூலையில் வேப்பமரம் நிற்கும், இன்னொரு மூலையைப் பக்கத்துக் காட்டுக்காரர் முழம்முழமாக உழுது உள்ளே வந்திருப்பார்.

இந்தக் கெயோதைசியாதான் இன்று ஜியோடெசி, உலகத்தின் வடிவத்தையே அளக்கும் சாஸ்திரம். அதற்கும் எங்கள் ஜில்லாவுக்கும் நேரடி உறவு உண்டு. 1802-ல் சென்னை பரங்கிமலையை ஒட்டி வில்லியம் லாம்ப்டன் இந்தியாவின் பெரிய முக்கோண அளவையைத் தொடங்கினார். நூறடி எஃகுச் சங்கிலியைப் பெட்டிகளில் கிடத்தி, வெயிலில் நீளாதபடி நிழல் கட்டி, ஒவ்வொரு அங்குலமாக ஒரு அடிக்கோட்டை அளந்துகொள்வது. அதிலிருந்து முக்கோணம் மேல் முக்கோணமாகத் தெற்கும் வடக்கும் போவது. அப்படிப்பட்ட அடிக்கோடு ஒன்றை 1806-ல் கோயமுத்தூர்ப் பகுதியில் அளந்தார். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் அவருடைய அரை டன் கோணமானியை ஏற்றும்போது கயிறு அறுந்து, அது சுவரில் மோதி நெளிந்த கதை பலருக்குத் தெரியும். எங்கள் பக்கத்துச் சங்கிலி ஒழுங்காக அளந்துவிட்டுப் போனதால் கதை ஆகவில்லை.

நிலவரி சர்வேக்காரர்களின் சங்கிலி வேறு, 66 அடி, நூறு கண்ணி. பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். அதில் நூற்றில் ஒரு பங்கு செண்ட், 435.6 சதுர அடி. இந்தத் தசம ஒழுங்கு இங்கிலாந்திலிருந்து வந்து எங்கள் ஊர்ப் பாட்டிகளின் வாய்வரைக்கும் ஏறிவிட்டது. படிக்காத ஆத்தா ஒருத்திகூட 'மூணேகால் செண்டுங்க' என்று புள்ளி சுத்தமாகச் சொல்வாள்.

பூமியும் மண்ணும் ஒன்றில்லை என்பதில் எங்கள் மொழி கிரேக்கத்தைவிடக் கறாரானது. கிரேக்கத்தில் மருந்துக்கு விற்ற களிமண்ணுக்கும் கே என்றுதான் பெயர். லெம்னோஸ் தீவின் செம்மண்ணை வில்லையாகத் தட்டி, முத்திரை குத்தி, விஷக்கடிக்கும் புண்ணுக்கும் விற்றார்கள். வைத்தியர் கேலன் அதைப் பார்ப்பதற்கென்றே அந்தத் தீவுக்குப் போனார். இங்கே கோவைக்கு வடமேற்கே தடாகம் பள்ளத்தாக்கில் செம்மண் செங்கலானது. பட்டா பூமியில் பத்திரம் அசையவில்லை, எல்லைக்கல் அசையவில்லை, மண் மட்டும் ஆள் உயரம், தென்னை உயரம் என்று இறங்கிக்கொண்டே போனது. 2021-ல் அங்கே அனுமதியில்லாத சூளைகளை மூடினார்கள். மண் போன பிறகும் அந்தப் பூமிக்கு வில்லங்கச் சான்று சுத்தமாகத்தான் வரும். எங்கள் காகிதத்துக்கு நீளமும் அகலமும் தெரியும், ஆழம் தெரியாது.

பாரசீகர்கள் இந்த விஷயத்தில் தெளிவாக இருந்தார்கள். ஒரு நாடு அடிபணிய வேண்டும் என்றால் 'கேன் காய் ஹியுதோர்', மண்ணும் நீரும், கேட்டு ஆள் அனுப்புவார்கள். ஒரு கட்டி மண், ஒரு செம்பு நீர், கொடுத்தால் நாடே கொடுத்ததாகக் கணக்கு. தாரை வார்ப்பது நமக்குத் தெரிந்ததுதானே. ஏதென்ஸில் கேட்க வந்தவர்களைக் குழியில் தள்ளினார்கள், ஸ்பார்ட்டாவில் கிணற்றில் தள்ளி, மண்ணும் நீரும் அங்கேயே இருக்கிறது, எடுத்துக்கொண்டு போ என்றார்கள் என்று ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். தூதரைக் கொன்றது தப்புதான். ஆனாலும் கிணற்றைக் காட்டிய அந்த ஸ்பார்ட்டாக்காரன் எந்தக் கிராமத்திலும் இருப்பான்.

இலக்கணத்தில் ஒரு இடம் மிச்சம் இருக்கிறது. கிரேக்கத்தில் கே பெண்பால். தெய்வமான கையா மட்டுமில்லை, காலில் ஒட்டும் மண்ணும் பெண்பால்தான். அதற்கு முன்னால் வரும் சுட்டுச்சொல், அடை எல்லாம் பெண்ணுக்குரிய வடிவத்தில்தான் வர வேண்டும். தமிழில் அப்படிக் கிடையாது. பூமி அஃறிணை, 'பூமி காஞ்சு கெடக்குது'. அதே பூமியைத் தாய் என்று கூப்பிட்ட நிமிஷத்தில் வினைமுற்று எழுந்து நிற்கும்: 'பூமித்தாய் பொறுக்கமாட்டா.' நம் மொழியில் பால் என்பது சொல்லில் இல்லை, பேசுகிறவன் மனசில் இருக்கிறது.

இலக்கணத்தில் பெண்ணாக இருப்பதால் பெண்ணுக்கு என்ன லாபம் என்று கேட்டால், ஏதென்ஸ் அவமானப்பட வேண்டும். அங்கே அண்ணன் தம்பி இல்லாத மகளுக்கு 'எபிக்ளேரோஸ்' என்று பெயர், பங்கின் மேல் உட்கார்ந்தவள். பங்கு அவளோடு வரும், அவளுடையது ஆகாது. தகப்பன் வழியில் நெருங்கிய ஆண் உறவினர் அவளைக் கட்டிக்கொள்ள உரிமை கோரலாம், பூமி அவள் பிள்ளைகளுக்குப் போகும். ஸ்பார்ட்டாவில் நிலைமை வேறு. நாட்டில் ஐந்தில் இரண்டு பங்கு பூமி பெண்கள் கையில் இருக்கிறது என்று அரிஸ்டாட்டில் குறையாகச் சொல்கிறார். நாம் பூமாதேவி என்று கும்பிட்டுக்கொண்டே, பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனோடு சம பங்கு என்று சட்டம் போட்டது 1989-ல். அதுவும் அந்தத் தேதிக்கு முன் கல்யாணமானவர்களுக்கு இல்லை. இந்தியா முழுக்க வந்தது 2005-ல்.

சட்டம் வந்தபிறகு எங்கள் அலுவலகங்களில் அதிகமானது, தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரம். அக்கா தங்கச்சிகளைக் காரில் கூட்டிவந்து, டீ வாங்கிக் கொடுத்து, 'இங்கயும் இங்கயும் போட்டுரு ஆயா' என்று கையெழுத்து வாங்குவது. சீர் செய்தோமே, பொறந்த வீடு வேண்டாமா என்பது வாதம். நான் எழுதிக் கொடுக்கிறவன், வாதாட முடியாது. ஆனால் வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்க விடுவதில்லை, அதுவும் மெதுவாக.

போன வருஷம் அப்படி வாசித்துக்கொண்டிருந்தபோது, மூன்று அண்ணன் தம்பிகளோடு வந்த ஒரு அம்மா இடையில் நிறுத்தினார். விசைத்தறியில் இரவு ஷிப்ட் பார்க்கிறவர், கண் சிவந்திருந்தது.

"ஏனுங்க, எனக்கு எவ்வளவுங்க வரும், எழுதாம உட்டா?"

நான் பெரியவரைப் பார்த்தேன். அவர் டீ டம்ளரைப் பார்த்தார். தொண்ணூற்றிரண்டு செண்ட் வரும் என்று சொன்னேன்.

"அப்பறம் எதுக்குங்க நான் விடுதலை எழுதறது?"

அன்றைக்குப் பத்திரம் எழுதவில்லை. சில வாரம் போய், வீட்டில் என்ன நடந்ததோ, விடுதலையைப் பாகப்பிரிவினையாக மாற்றி எழுதித் தரச் சொல்லி நால்வருமே வந்தார்கள். அவருக்குக் கிழக்குப் பக்கம், கரட்டோரம், வெங்கச்சாங்கல் கிடக்கிற பாகம். அண்ணன்கள் கொண்டுவந்த வரைபடத்தில் கிணறு பொதுவில் காட்டியிருந்தது, நாலில் ஒரு பாகம், வாரத்தில் முறைத்தண்ணீர், மோட்டார் சர்வீஸ் யார் பேரில் என்பதெல்லாம் சரி. அவர் பாகத்துக்குப் போகத் தடம்தான் இல்லை. நாலு பக்கமும் அண்ணன்களும் ஓடையும்.

கிரேக்கத்தில் 'கத்தா' என்ற முன்னிடைச்சொல் ஒன்று உண்டு என்று தம்பி சொல்லியிருந்தான். கத்தா கேன் என்றால் தரைவழியாக. கடைசி ஒற்றை மட்டும் மாற்றி கத்தா கேஸ் என்றால் பூமிக்கு அடியில். ஓர் எழுத்தில் ஆள் நடந்து போகிறாரா புதைந்து போகிறாரா என்பது முடிவாகிவிடும். தடமில்லாத பூமிக்கு எங்களிடம் அப்படியெல்லாம் உருபு கிடையாது. நானே கேட்டுவிட்டேன், "தங்கச்சி எந்த வழியாங்க போவாங்க?" சின்னவர் கொஞ்சம் யோசித்து, தன் தெற்கு வரப்போரம் விடலாம் என்றார். பதினாறடி என்று எழுதட்டுமா என்றேன். பன்னிரண்டு போதும் என்றார் பெரியவர். டிராக்டர் திரும்பாது என்றார் அந்த அம்மா. பதினாறடி அகல மாமூல் தடத்தில் ஆள் கால்நடை வண்டி வாகனாதிகள் போக வரப் பாத்தியம் உண்டு என்று ஆ ஷெட்யூலில் எழுதி, நால்வருக்கும் ஒருமுறை சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டு, டோக்கன் போட்டேன்.